இடது கையால் குழலை இழுக்காதே

உ
நெல்லையப்பர் காந்திமதி துணை

திருநெல்வேலி டவுண்
17.10.94

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு உன் மாமா பூதலிங்கம் எழுதிக்கொள்வது. அம்பாள் கிருபையில் உன் அம்மாவும் நானும் சுகம், என் முகவாய் ஒன்றுதான் சுகமில்லை, அதைக் கீழே எழுதுகிறேன் பதறாதே. போபாலில் இப்போதே குளிர் என்று எழுதியிருந்தாய், ஸ்வெட்டர் போடாமல் ஆபீசுக்குப் போகாதே. தீபாவளிக்குள் சொந்தமாக ஏர் ரைபிள் வாங்கினால்தான் போட்டிக்குச் சேர்ப்போம் என்று கோச் சொன்னதாகவும், கூட இருக்கிற பெண்கள் எல்லாம் குழலை மடக்குகிற மாதிரி துப்பாக்கி வாங்குகிறார்கள் நானும் அதையே வாங்கப்போகிறேன் என்றும் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் ஆபீசுக்கு எஸ்டிடி போட்டேன், எடுத்தவன் இந்தியில் என்னவோ சொல்லி வைத்துவிட்டான். இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, லைன்தான் சரியில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், கையில் கிடைக்கிறவரை கடைப் பக்கம் போகாதே.

துப்பாக்கி விஷயத்தில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஆயுதப்படை இன்ஸ்பெக்டரே வழியில் நிறுத்தி என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார். இருந்தாலும் உன் காரியம் என்பதால் கையால் தொட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று சீவலப்பேரி முகம்மது மைதீன் அண்ணாச்சி கொய்யாத் தோப்பில் கிளி விரட்ட வைத்திருக்கிற பழைய ஏர்கன்னை இரவல் வாங்கி வந்தேன். அதுவும் குழலை மடக்குகிற வகைதான். வலது கை துப்பாக்கியின் கட்டையைப் பிடித்துக்கொள்ள, இடது கை குழல் நுனியைப் பிடித்து முழுப் பலத்தோடு கீழே இழுத்தால்தான் உள்ளே ஸ்பிரிங் ஏறி மாட்டும். என் கவலையே அங்கேதான். குறுக்குத்துறை ஆற்றுப்படியில் வழுக்கி விழுந்து ஒடிந்த உன் இடது மணிக்கட்டு, குளிர் வந்தால் இன்னும் வலிக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று போன லீவில் என்னிடம் மட்டும் சொன்னாயே, அது எனக்கு மறக்குமா.

நான் கொண்டுவந்த அன்றைக்கு ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்தரி, என் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்த அம்மா, ஆயுதம் என்றால் முதலில் இதுதானே என்று ஏர்கன்னுக்கும் தலை முதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்துச் சாமிக்கு முன்னால் சாத்திவிட்டாள். மறுநாள் விஜயதசமி, நல்ல காரியம் தொடங்குகிற நாள் என்று கொல்லையில் வைத்து நான் இடது கையாலேயே குழலை இழுத்தேன், உன் கை என்ன பாடுபடும் என்று தெரிய வேண்டாமா. பாதி இறங்கியிருக்கும், எண்ணெய்க் குழல் விரலிலிருந்து வழுக்கியது, விருட்டென்று மேலே எழும்பி முகவாயில் ஒரு போடு. வேறொருத்தனாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான், நான் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போட்ட டாக்டர் இவ்வளவு உறுதியான எலும்பைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று நர்ஸ்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி ஓடிவந்து, “வே பூதலிங்கம், துவக்குக்கு எண்ணெய்க் குளியலா? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா வே? குழலுக்குள்ள எண்ணெய் போயிருந்தா சுடும்போது வெடியால்லா வெடிச்சிருக்கும்!” என்று சத்தம் போட்டார். அம்மா உடனே, “அண்ணாச்சி, சாமி கும்பிட்டதுக்கா ஏசுதீக? அவன எவன் இடது கையால இழுக்கச் சொன்னான்?” என்று திருப்பிக் கேட்டாள். நான் வலியில் உன் மணிக்கட்டு விஷயத்தை உளறிவிட்டேன் மகளே. அவள் விடுவிடென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எண்ணெய் தேய்த்ததால்தானே என்று நீ சொல்லுவாய். எண்ணெய் இல்லாமலே உன் மணிக்கட்டு பாதியில் விட்டுவிட்டால் குழல் அப்படித்தான் எழும்பும். மறுநாள் தாடையில் கட்டோடு ஜங்ஷனில் ஒரு ஆயுதக் கடைக்கு அண்ணாச்சியோடு போனேன், கடைக்காரர் பார்த்ததும் மிலிட்டரியா சார் என்று எழுந்துவிட்டார். குழலுக்கு அடியில் லீவர் வைத்தது ஒன்று காட்டினார், அதற்கும் இடது கைதான், வேண்டாம். வலது பக்கம் லீவர் வைத்தது ஒன்று. குழல் அசையவே அசையாது, வலது கையால் லீவரை இழுத்தால் போதும், இடது கை சும்மா தாங்கிக்கொள்ளும். கனம் கொஞ்சம் கூடுதல், ஆனால் உனக்கு அதுதான். ஒன்று கவனம், லீவரை இழுத்ததும் குண்டு வைக்கிற வாய் திறக்கும், துப்பாக்கியைத் தொடையில் சாத்தி, வலது கை லீவரை இறுகப் பிடித்தபடியே இருக்க, இடது கையால் குண்டை வைக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு விரலை நுழைத்தால், உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற கொக்கி நழுவி வாய் மூடி விரல் நசுங்கும். இதைக் கடைக்காரர் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு துவக்கு என்று ஒரு வருஷமாக மூக்கைச் சிந்திய அம்மா நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏலே, கை நோவாம இழுக்கது ஒண்ணு இருக்குன்னா அதையே வாங்கச் சொல்லு. எங்கிட்ட மறைச்சா, போட்டும். கத்துக்கொடுக்க வாத்தியார்ட்ட மறைக்கலாமா? அவருட்ட கையக் காட்டிட்டு அப்புறம் கடைக்குப் போகச் சொல்லு” என்றாள். கைக்குறை என்று கோச் உன்னைத் தள்ளிவிடுவாரோ என்று எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். தள்ளினால் தள்ளட்டும், உன் கையைவிட எந்தப் பதக்கமும் பெரிதில்லை.

மணிக்கட்டில் ராத்திரி சூடான உப்பு ஒத்தடம் கொடு. நீ எதிலும் குறையில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். கோச் என்ன சொன்னார் என்று உடனே தந்தி கொடு, இல்லையென்றால் தாடைக்கட்டோடு ரயிலேறி வந்து நானே அவரிடம் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மாமா
பூதலிங்கம்