போனில் வந்த பாம்பு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். என் முதுகுவலியும் கிடங்குக் கணக்கும் ஒன்றோடொன்று பழகிவிட்டன. உன் தலைவலி தேவலையா?

உள்ளாடை நனைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட பாப்பா, இப்போது பகலெல்லாம் மூத்திரத்தை அடக்கி வைக்கிறாள், சாயங்காலம் உன் தம்பி வந்து "ஸ்ஸ்" என்றால்தான் போகிறாள் என்று பெருமையாகச் சொன்னாய். எந்த வேலையிலும் நிலைக்காதவனுக்கு என் வீட்டில் நிரந்தர உத்தியோகம். நம் கல்யாணத்தில் என் மாலையை வாங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவன்தானே.

நேற்று அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று போனில் நானும் "ஸ்ஸ்" என்றேன்.

"அம்மா, போன்ல பாம்பு" என்று அவள் அலறினாள். நீ சிரித்தாய். அதற்குள் அவன் வந்து, "அத்தான், கொஞ்சம் நகருங்க" என்றான். ஒரே ஒரு "ஸ்ஸ்". சளசளவென்று சத்தம் எனக்கும் கேட்டது. நானும் சிரித்து வைத்தேன்.

என் குரலைப் பதிவு செய்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் இல்லாதபோது தினமும் போட்டுக் காட்டு. தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடாதே. அப்படியும் அவள் அடக்கினால், அவன் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் உடனே கூப்பிடு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

மேலாளர் அழைக்கிறார்.

பாப்பாவின் அப்பா