நாளை என் முறை

திருச்சி விடுதி

அன்புள்ள அம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன்.

காசா போரைப் பற்றி நானும் அறைத்தோழி அறிவுமதியும் சண்டையிட்டதை வார்டன் உங்களிடம் சொல்லியிருப்பார். பயப்படாதீர்கள். பக்கத்துக் கல்லூரியில், இப்படிச் சண்டையிடுபவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கென்றே கூட்டம் நடத்துகிறார்கள், எங்களையும் அழைத்தார்கள். ஒருத்தி சொன்னதை, 'ஆமாம், அதுதான்' என்று அவள் தலையாட்டும்வரை மற்றவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அறிவுமதியின் அண்ணன் இஸ்ரேலில் வேலை செய்கிறார். "சைரன் அடிச்சா அண்ணன் போனே எடுக்காதுடி" என்றாள். நான் உடனே வாதாடினேன். "பதில் வேணாம் மெஹ்ரீன், அவ பயத்தை மட்டும் சொல்லு" என்றார் கூட்டத்தை நடத்தும் கல்லூரி அக்கா. சொன்னேன். அறிவுமதி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

நாளை காசாவில் செத்த பிள்ளைகளைப் பற்றி நான் பேச வேண்டும். என்ன சொல்வதென்று மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். ஆனாலும் பேசுவேன். அதை அவள் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். என்னைக் கூட்டிப்போக வராதீர்கள். நம்மூர் தொட்டியம் பஸ்ஸில் தேங்காயெண்ணெய் மட்டும் கொடுத்தனுப்புங்கள், அவளுக்கும் சேர்த்து.

வார்டன் வருகிறார்.

மகள் மெஹ்ரீன்