எனக்காக ஒருநாளும் கை உயர்த்தாத நடுவருக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் ஒருசேர உரிய தவம் அண்ணை,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். நீங்கள் போயிருக்கிற இடத்தில் அதற்கு என்ன பதில் சொல்வார்களோ தெரியாது. அங்கேயும் யாராவது மட்டையும் பந்துமாக நின்றால் நீங்கள் சும்மா இருந்திருக்கமாட்டீர்கள். முகமூடியை மாட்டிக்கொண்டு பின்னால் போய்க் குந்தியிருப்பீர்கள்.

ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் கல்லூரிப் பெண்கள் இந்த வருடம் இறுதிப் போட்டிக்குப் போனார்கள்! பதினாறு வருடமாகத் தலைமைப் பயிற்றுநர் என்று பெயர் போட்டுக்கொண்டு ஒரு கோப்பையையும் காணாத இந்த வசந்தி, கோப்பையைத் தொடுகிற தூரத்தில் நின்றாள். அதைச் சொல்வதென்றால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த இன்னொன்றைப் பத்து வருடமாக உங்களிடம் மறைத்து வைத்திருந்தேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்நாட்டு எம்மன்புரூக்கேயில் அந்தக் கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பாத்திரம் கழுவ வந்தவள் நான். மத்தியான இடைவேளையில் நாலைந்து பெண்கள் புல்வெளியில் சொஃப்ட்போல் அடிப்பதை ஜன்னலால் பார்ப்பேன். அவர்கள் மட்டை பிடித்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் மூங்கில் மட்டையால் பந்தை விளாசிய கை அல்லவா இது? ஒருநாள் ஏப்ரனோடு இறங்கிப் போய், "ஒருக்கா தாங்கோ" என்று தமிழிலேயே கேட்டு வாங்கி அடித்தேன். பந்து வேலிக்கு அப்பால் யாருடைய தோட்டத்திலோ போய் விழுந்தது. அடுத்த கிழமை முதல் நான் அவர்களுக்குப் பயிற்றுநர். உதவிக்கு ஒருவரும் இல்லாததால் தலைமைப் பயிற்றுநர்.

முதல் போட்டியிலேயே மானம் போனது. எல்லேயில் ஓடுகிறவர் மீது பந்தை எறிந்து பட்டால் அவர் அவுட். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, முதுகைப் பார்த்து எறியச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். எதிரணிப் பெண் முதுகைத் தடவிக்கொண்டு நிற்க, நடுவர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு தமிழ் முகம்.

"எல்லே விளையாடினனீயோ, பிள்ளை?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை."

"இது எல்லே இல்லை. பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு ஆளைத் தொடவேணும். எறிஞ்சு ஆரையும் கொன்றுபோடாதை."

அப்படித்தான் அறிமுகமானோம். நீங்கள் லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பல்லுச்சக்கரம் பூட்டுகிறவர். மகள் விளையாடியதால் நடுவரானவர், மகள் விளையாட்டை விட்ட பிறகும் விடாதவர். அந்த மைதானங்களில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். அதுவே எனக்கு வினையாகப் போயிற்று.

"இந்தக் கோட்டுக்கு உள்ளுக்கை வந்தால் நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். "தங்கட ஆக்களுக்குக் குடுக்கிறான் எண்டு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது." அதற்காக, சந்தேகமான தீர்ப்பெல்லாம் எதிரணிக்குத்தான் போகவேண்டுமா அண்ணை? ஒரே ஒரு தடவையாவது என் பக்கம் கையை உயர்த்தி அவுட் என்று சொல்லியிருந்தால் உங்கள் தோள் கழன்றா போயிருக்கும்?

ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவீர்கள். தோற்கடித்த மனிதருக்கு நானே சோறு போடவேண்டும். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள், அது வேறு.

இனி, பத்து வருடத்துக்கு முந்திய அந்த அரையிறுதி. கடைசி நேரம். எதிரணிப் பெண் ஓட்டத்தை முடிக்க, தரையில் பதித்த வெள்ளைத் தட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வருகிறாள். தட்டுக்குப் பின்னால் நின்ற எங்கள் சபீன் பந்தைப் பிடித்து அவளைத் தொடுகிறாள். ஒரே புழுதி. நீங்கள் இரண்டு கையையும் அகல விரித்து "சேஃப்" என்றீர்கள், அதாவது அவுட் இல்லை. நாங்கள் வெளியே.

நான் உள்ளே பாய்ந்தேன். தமிழில் ஏசினால் ஒருவருக்கும் விளங்காது என்ற துணிவு. விளங்கக்கூடிய ஒரே ஆள் நடுவராக நிற்பது ஞாபகம் வரவில்லை.

"கண்ணை வீட்டிலை கழட்டி வைச்சிட்டோ வந்தனீங்கள்?"

விளங்காத மாதிரி நின்றிருக்கலாம். நின்றீர்களா? விரலை நீட்டி என்னை மைதானத்துக்கு வெளியே அனுப்பினீர்கள். அன்று பின்னேரமும் வந்து என் மீன்குழம்பைச் சாப்பிட்டீர்கள். நான் தட்டில் கரண்டியை அடித்து அடித்து, சபீன் பந்தை விடவே இல்லை என்று உங்களோடு சண்டை பிடித்தேன்.

மறைத்தது இதுதான். திங்கட்கிழமை சபீன் சாப்பாட்டு வரிசையில் என் முன்னால் வந்து நின்று, பந்து கையுறையிலிருந்து விழுந்துவிட்டது என்றாள். புழுதிக்குள் தடவி எடுத்தாளாம். யாருக்கும் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு ஃபோன் எடுக்க நினைத்தேன். நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு அது என் கதையாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்குக் கண் தெரியாத நடுவரின் கதையைச் சொன்னேன். நீங்கள் சாப்பிட வரும்போதெல்லாம் உங்களுக்கும் சொன்னேன். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடும்வரை சொன்னேன்.

இப்போது இந்த வருட இறுதிப் போட்டி. ஷ்லீரனில், நல்ல வெயில். எங்கள் பிள்ளைகள் நான் பழக்கியபடி "ஓடு! ஓடு!" என்று தமிழில் கத்தியதில் எதிரணியினர் குழம்பிப்போனார்கள். ஒரு ஓட்டத்தால் நாங்கள் முன்னுக்கு. இன்னும் ஒரே ஒரு அவுட். அதே மாதிரி ஒருத்தி தட்டுக்குச் சறுக்கினாள், எங்கள் லியோனி தொட்டாள், புழுதி பறந்தது. இளம்பெண் ஒருத்தி நடுவர். கையை உயர்த்தினாள். அவுட்!

அண்ணை, கோப்பை எங்களுக்கு! பிள்ளைகள் ஒருத்தியின் மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். லியோனி மட்டும் எழும்பவில்லை. பக்கத்தில் போனபோது, "பந்து விழுந்தது வசந்தி," என்றாள், மெல்லமாக.

ஒன்றும் பேசாமல் இருக்க எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடப் பயிற்சி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இருபது வயதில் இந்தப் பிள்ளையும் அதைப் பழகவேண்டுமா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் நடந்தேன்.

தீர்ப்பை மாற்றினார்கள், ஓட்டங்கள் சமமாயின. நேர்மைக்குப் பலன் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த பந்திலேயே அவர்கள் அடித்தார்கள், நாங்கள் தோற்றோம். கொஞ்ச நேரம் எல்லோரும் அழுதோம். பிறகு யாரோ பாட்டுப் போட, இரண்டாம் பரிசுப் பதக்கங்களோடு பஸ்ஸுக்குள் ஆடிய ஆட்டத்தில் ஓட்டுநர் இரண்டு தரம் நிறுத்தி ஏசினார். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

மறுநாள் காலை உங்கள் வீட்டு ராணி அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். உங்களிடம் சொல்ல முடியாததை உங்கள் மனைவியிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சபீன் கதையை அழுதழுது சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிறா.

"அவருக்குத் தெரியுமடி," என்றா. "அண்டைக்குப் பின்னேரமே அந்தப் பிள்ளை ஸ்டேஷனிலை இவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டது. திங்கட்கிழமை உன்னட்டையும் சொல்லுவன் எண்டும் சொன்னதாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப எனக்குத் தெரியுமெண்டதும் அவருக்குத் தெரியுமோ? ஏன் அக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். 'கதை வருசா வருசம் வளருதப்பா, கேக்க நல்லாயிருக்கு. கோபத்திலை எனக்கு மீனும் கூடப் போடுறாள். தானாச் சொல்லுற அண்டைக்குச் சொல்லட்டும்' எண்டிட்டார்."

பத்து வருடம்! என் பொய்யைக் கேட்டுக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, முள் எடுத்துக்கொண்டு இருந்தீர்கள். கோட்டுக்கு உள்ளே ஒரு இம்மியும் விட்டுத்தராத மனிதர், என் சாப்பாட்டு மேசையில் இவ்வளவு விட்டுத்தந்தீர்களா? ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

வாக்குத் தருகிறேன் அண்ணை. வசந்தகாலத்தில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள், மட்டையைக் கையில் கொடுக்க முன்னம், அந்த அரையிறுதிக் கதையைச் சொல்லுவேன். சபீனையும் வரச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் நிற்பாள். இந்த முறை முழுவதையும் சொல்லுவேன்: பந்து விழுந்தது. அந்தப் பெண் சேஃப். நடுவர் சொன்னது சரி.

பத்து வருடம் பிந்தி ஒப்புக்கொள்ளும்
உங்கள் தங்கச்சி,
வசந்தி
எம்மன்புரூக்கே