நாற்பதாம் நாள் பேச்சு

என் கணவருக்கு,

மலையூரான நாரினில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே இன்னும் பனி உருகவில்லை.

அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் நீங்கள் பேசியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசி நாட்களில் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, "யாரும்மா நீ?" என்று கேட்டாள் என்பதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை நீங்கள் இருநூறு பேர் முன்னால், அம்மாவின் குரலிலேயே சொன்னீர்கள். விருந்துக் கூடாரமே அழுதது. காரில் ஏறியதும், "பாத்தியா, ஒங்கண்ணன்கூட கண்ணத் தொடச்சான்! எப்படிப் பேசினேன்?" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் உங்கள் முகம் வாடிவிட்டது. வீடு வரும்வரை நான்தான் உங்களைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

பிறர் மனது உங்களுக்குப் புரியாது என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தால் மன்னிப்பது சுலபமாக இருந்தது. ஆனால் உங்களுக்கு நன்றாகவே புரிகிறது. எங்கே தொட்டால் அழுவார்கள் என்பதுவரை தெரிகிறது.

நேற்று அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல புள்ள. டீயக் குடி" என்றான். அம்மா போனபிறகு நேற்றுதான் நான் அழுதேன்.

என்னை அழைத்துப்போக வராதீர்கள்.

உங்கள் மனைவி