இழுத்தும் வராத லீவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், வண்டியும் இப்போது சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாயா என்று எழுது. போனில் எதைக் கேட்டாலும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருவார், பேசி விற்றுவிடுங்கள் என்றாயே, அவரை அனுப்பாதே. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் பயிற்சி சிகிச்சைக்கு அந்த வண்டியில் நான்தானே கூட்டிப் போகிறேன். சிகிச்சை நிலையத்துக்குப் போகும் கடைசித் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டு ஒரே சேறு. போன மாதம் அங்கே முன்சக்கரம் ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றியது, வண்டி நகரவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா? நீ ஸ்டீயரிங்கப் பாரு, லீவர் என் பொறுப்பு என்று சொல்லி, நடுவிலிருக்கும் அந்த லாக் லீவரை வலது கையாலேயே தள்ளிவிட்டார். நான்கு சக்கரமும் பிடித்து வண்டி ஏறி வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, சந்தோஷமும் தாங்கவில்லை.

ஆனால் தார் ரோட்டுக்கு வந்தபிறகும் லாக் போட்டிருப்பதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும், அதான் நல்லது, நீ தொடாத என்றார். அனுபவசாலி சொன்னால் நான் என்ன சொல்வது, பதினைந்து நாள் அப்படியே ஓட்டினேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டீயரிங் அடம்பிடித்தது, டயர் கிறீச்சென்று இழுபட்டது. அதே நாளிலிருந்து இவர், கையால் அழுத்திப் பழக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தையும் தொடவில்லை. இது இனிமே உதவாது, விடு என்று சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டார். நான் திட்டித் திட்டி ஓய்ந்தேனே தவிர, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க என் மண்டைக்கு எட்டவில்லை.

கடைசியில் நம் கேட்டில் திரும்பவே மாட்டேன் என்று வண்டி முரண்டு பிடித்ததால் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, விளக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பும்போது முன்சக்கரங்கள் சுற்று வழியாகப் போகின்றன, பின்சக்கரங்கள் குறுக்கே வந்துவிடுகின்றன, அதனால் முன்னது கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதற்கு இடம்கொடுப்பது நடுவிலுள்ள டிஃபரன்ஷியல். லாக் போட்டால் முன்னும் பின்னும் ஒரே அளவுதான் சுற்றும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், தார் ரோடு வழுக்க விடாது, முறுக்கெல்லாம் உள்ளே ஏறி இறுகிவிடும் என்றாள். இரண்டு கையாலும் லீவரை இழுத்தாள், அசையவில்லை. இப்படி இறுகிட்டா பயில்வான் இழுத்தாலும் வராதும்மா என்றாள். பிறகு ஸ்டீயரிங்கை நேராக்கி, ரெண்டடி பின்னால் எடுத்து முறுக்கைத் தளர்த்திவிட்டு, இரண்டு விரலால் இழுத்தாள். வந்துவிட்டது.

இவர் கைத்தடியை ஊன்றி நின்றவர், அப்ப என் கையில கோளாறு இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குத் தார் ரோட்டில் ஒரு வளைவு திரும்பியபிறகு இழுத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. கை போய்விட்டது என்று முடிவுகட்டி, என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, பதினைந்து நாள் மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முப்பது வருஷம் ஓட்டின உங்களுக்கு இது தெரியாதா என்று கத்தினேன். என் லாரில ஏதுடி இதெல்லாம் என்றார்.

நேற்று மழை, மறுபடி அதே சேறு. லாக் போட்டு ஏறி, தாருக்கு வந்ததும் வண்டியை நேராக நிறுத்தி ரெண்டடி பின்னால் எடுத்தேன். இழுங்க என்றேன். இரண்டு முறை கை நழுவியது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே, ஓட்டத் தெரியலன்னா வீட்ல இருங்க என்று கத்தினார். என் கை பரபரத்தது, ஆனாலும் ஸ்டீயரிங்கை விட்டு எடுக்கவில்லை. மூன்றாவது முறை வந்துவிட்டது, விளக்கு அணைந்தது. வீட்டுக்கு வந்ததும் சோபாவுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துக் கொடு என்று அவரே கேட்டார்.

அதனால் வண்டி விற்பனைக்கு இல்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரரிடம் சொல்லிவிடு, மறந்துவிடாதே. டயர் இரண்டு தேய்ந்துவிட்டது, அதற்கு எங்களைத் திட்டாதே. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டீயரிங் பிடிக்கும் அம்மா,
லீவர் பிடிக்கும் அப்பா.

(அப்பா என்று கோணலாக இருப்பது அவரே எழுதியது.)