ஒரே எடையில் மூன்று டப்பாக்கள்

ஜனவரி 22, திங்கள்

உளவியல் மூன்றாம் ஆண்டில் எல்லோரும் காத்திருந்த பரிசோதனை வகுப்பு இன்று தொடங்கியது. டாக்டர் டாட்சி பலகையில் இரண்டு கோடு போட்டாராம். ஒன்று நீளமாகத் தெரியுமாம், அளந்தால் இரண்டும் சமமாம். வகுப்பே கூச்சல் போட்டது. கண் தெரியாத எனக்கு அந்தக் கோடுகளில் கிடைத்தது சுண்ணக்கட்டியின் கிறீச் மட்டும்தான். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அரபா, இந்த வருஷம் முழுக்கக் கண்ணை வச்சுச் செய்யற சோதனைதான். நீ சிரமப்பட வேணாம்மா. மத்த பாடத்துல நீ வாங்கற மார்க்கோட சராசரியை இதுக்கும் போட்டுடறேன்."

"சரி சார்" என்றேன். ஏன் சரி என்றேன்? வேறு பதில் சொல்ல விடாமல் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

ஜனவரி 23, செவ்வாய்

துறை அலுவலகத்தில் விசாரித்தேன். சொந்தமாகச் செய்த பரிசோதனை அறிக்கை இல்லையென்றால் நாலாம் ஆண்டில் ஆய்வு கிடையாது. அதற்குப் பதில் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஆய்வு செய்யாதவர்களை மேற்படிப்பில் சேர்க்க மாட்டார்கள். எனக்குச் சலுகை தருவதாக நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார் மனுஷர்.

ஜனவரி 26, வெள்ளி

போன மாதம் கொடுத்த கட்டுரையை டாட்சி திருப்பித் தந்தார். என் அறைத்தோழி சுஹுயினி வாசித்தாள். "மிக நன்று. எழுபத்தஞ்சு."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

காகிதம் புரளும் சத்தம். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "அரபா... திட்டாதே. நான்தான் பின் அடிச்சேன். மூணாம் பக்கம் ரெண்டு தடவை இருக்கு. நாலாம் பக்கம் இல்லவே இல்ல."

இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அவள் குளிக்கப் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. படிக்காமலே போட்ட எழுபத்தைந்து! பாவம், குருட்டுப் பெண் என்று போட்ட எழுபத்தைந்து. எனக்கு வேண்டாம்.

ஜனவரி 30

பாடப் புத்தகத்தை போன் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் அத்தியாயத்தில் கிடைத்துவிட்டது! பெரிய பொருளும் சின்னப் பொருளும் ஒரே எடையில் இருந்தால், சின்னதுதான் அதிகம் கனப்பதுபோலத் தோன்றுமாம். அப்படி ஏமாறக் கண் தேவையா, கை மட்டும் போதுமா? இது என் கேள்வி.

பிப்ரவரி 2, வெள்ளி

டாட்சியின் அறைக்கு மூன்று டப்பாக்களோடு போனேன். தக்காளி விழுது டப்பா, பால் டப்பா, பெரிய மைலோ சத்துமாவு டப்பா. எது கனம் என்று கேட்டேன்.

"சின்னதுதான். இதுல என்ன சந்தேகம்?"

தராசில் வைக்கச் சொன்னேன். வைத்தார். மூன்றும் ஒரே எடை. மறுபடி தூக்கினார். "எடை ஒண்ணுன்னு தெரிஞ்சப்புறமும் சின்னதுதாம்மா கனக்குது!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சார், எனக்குச் சராசரி வேணாம். சோதனை வேணும்."

டப்பாவைக் கீழே வைத்தார். "மார்ச் எட்டாம் தேதிக்குள்ள அறிக்கை வரணும். இருபது பேராவது வேணும். நாள் தள்ளிக் கேக்கக் கூடாது." சரி என்றேன். இந்தச் சரி நல்ல சரி.

பிப்ரவரி 10, சனி

மானமே போச்சு.

வகுப்பில் எல்லோருக்கும் விடை தெரியும் என்பதால் ஊர்ப் பெரிய சந்தையான கொட்டோகுராபாவுக்கு நானும் சுஹுயினியும் போனோம். மரவள்ளிக் குருணை விற்கும் பெண்கள். நாளெல்லாம் அளந்து தூக்குகிற கைகள். ஐந்து பேர் கண்ணைத் திறந்துகொண்டு, ஐந்து பேர் துணி கட்டிக்கொண்டு. எல்லோருமே பெரிய டப்பாவைத்தான் லேசு என்று முதலில் ஒதுக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியாக வந்த ஆன்ட்டி எகுவா டப்பாவை என் காதருகே குலுக்கினார்.

"ஏண்டி பொண்ணே, இதுல எங்க சரக்கைப் போட்டு எங்களையே கேக்கறியா? இதுல குருணை. அந்தச் சின்னதுல மணல். மணலை விடக் குருணை கனக்குமா? இதுக்கா காலேஜ் போறே?"

சந்தையே சிரித்தது. உண்மைதான். கையில் கிடைத்தது என்று பெரியதில் குருணையைக் கொட்டியிருந்தேன். அத்தனை பேரும் குலுக்கிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். கையைக் கேட்டேன், காது பதில் சொல்லியிருக்கிறது. பத்து பேரின் பதிலும் வீண்.

கண்ணுள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று ராத்திரி பகலாக யோசித்தவள், அவர்களுக்கும் காது உண்டு என்பதை மறந்துபோனேன். நானா! நான் போய் மறப்பேனா!

பிப்ரவரி 11

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 17

மூன்றிலும் மணல், இடுக்கில் கந்தல் துணி, மேலே மெழுகு. குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. உணவகத்துத் தராசில் சுஹுயினி எடை பார்த்தாள். ஒரு சிட்டிகை மணலுக்காக அரை மணி சண்டை. "உன்னைக் கட்டிக்கறவன் செத்தான்" என்றாள்.

பிப்ரவரி 24, சனி

இந்த முறை சந்தையின் மறுபக்கம், மீன் விற்கும் பெண்கள். ஆன்ட்டி எகுவாவும் வந்து நின்றார், வேடிக்கை பார்க்க. டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, "ஊமையாயிடுச்சே!" என்றார். ஏற்கெனவே குட்டு தெரிந்தவர் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோபித்துக்கொண்டார்.

கண் திறந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் சின்னதே கனம் என்றார்கள். கண் கட்டிய பத்துப் பேரில் எட்டு. ஏமாறக் கண் தேவையில்லை. இதைத் தட்டிவிட்டுப் போனை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மார்ச் 8

கொடுத்தாயிற்று. வீணான முதல் நாளையும் ஒளிக்காமல் எழுதினேன். பக்க எண்களைச் சுஹுயினி மூன்று தடவை சரிபார்த்தாள்.

மார்ச் 21, வியாழன்

அறிக்கை திரும்பி வந்தது. சுஹுயினி வாங்கி வந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நின்றாள்.

"என்னடி?"

"முழுக்கச் சிவப்பா இருக்கு அரபா. ஒரு பக்கம் விடலை மனுஷன். படிக்கட்டுமா?"

படி என்றேன்.

"'வரைபடத்தில் எது எதைக் குறிக்கிறது என்று எழுதவில்லை.' வரைஞ்சது நான்தானே, அது என் தப்புடி. 'பக்கம் நாலு: இது ஊகம், முடிவு அல்ல. இரண்டையும் குழப்பாதே.' 'மீன் விற்பவர்களைத் தேர்ந்தது ஏன்? காரணம் எங்கே?' 'முதல் நாள் தவறை இரண்டே வரியில் தாண்டிவிட்டாய். சோம்பேறித்தனம்.' ஐயோ, சோம்பேறின்னு எழுதியிருக்காரு! 'ஐம்பத்தெட்டு. செவ்வாய்க்குள் திருத்திக் கொண்டு வா. நாலாம் ஆண்டு ஆய்வில் இதெல்லாம் செல்லாது.'"

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இரண்டரை வருடத்தில் இந்தக் கல்லூரியில் ஒருவர் நான் எழுதியதைக் கடைசி வரிவரை படித்திருக்கிறார். படித்துவிட்டுத் தவறு என்று சொல்லியிருக்கிறார்.

"முதல்லேர்ந்து இன்னொரு தடவை படி" என்றேன். "மெதுவா. அந்தச் சோம்பேறியையும் விடாம."