மூன்று டப்பா, ஒரே வளைவு

அன்புள்ள அந்தோணி, தடியா,

"நல்லது", "ரொம்ப நல்லது", "இது வேற". இப்படியா ஒருத்தன் படிக டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுவான்? நம் அடையாறு ஆய்வகத்தில் உன் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். தேதி இல்லை, குறிப்பு இல்லை. செத்த பிறகும் என் உயிரை வாங்க உன்னால்தான் முடியும்.

ஆய்விதழுக்கு நாம் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது நினைவிருக்கிறதா? மீக்கடத்தியைக் குளிர்வித்தால் மின்தடை சட்டென்று பூஜ்யமாக வேண்டும். நம் வரைபடக் கோடோ அதற்குச் சற்று முன்பே தோளைச் சாய்த்து வளைந்தது. படிகத்தில் கலப்பு என்று எழுதிவிட்டார் மதிப்பீட்டாளர். நீ விடவில்லை. "அதெல்லாம் இல்லக்கா. எலக்ட்ரான் ஒழுங்கா ஜோடி சேர்றதுக்கு முன்னாடியே சேர்ந்து சேர்ந்து பிரியுது. அதான் வளையுது. கிறிஸ்டல் நல்லாத்தான் கீது!"

நான் நம்பவில்லை. எனக்குக் கட்டுரை வெளிவந்தால் போதும். வளைவைப் பற்றிய பகுதியையே வெட்டிவிடத் தீர்மானித்தேன். அது முழுக்க உன் வேலை. அது போனால் உன் பெயரும் போகும். தெரிந்துதான் அந்த முடிவுக்கு வந்தேன்.

நீ போய் ஒரு மாதம் கழித்து, ஊரூர் குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த உன் அம்மா என்னை நிறுத்தினார். "இன்னாம்மா, என் புள்ள பேரு புஸ்தகத்துல வரும்னு சொன்னானே, எப்ப வருது?" வஞ்சிர மீனை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

மறுநாளே உன் இழுப்பறையைத் திறந்தேன். கட்டுரைக்கு அளந்த படிகம் எதுவென்று தெரியாததால் மூன்றையும் அளக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றிலும் வெள்ளிப் பசையால் நான்கு கம்பி ஒட்டி, நீ சொல்லும் அந்த ஆமை வேகத்தில் குளிர்வித்தேன். முதுகு போயிற்று.

கலப்பு என்றால் மூன்று கோடும் மூன்று விதமாகக் கோணியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி வளைந்தன. ஒழுங்காகச் சீட்டு ஒட்டியிருந்தால் ஒன்றை மட்டும் அளந்துவிட்டுப் போயிருப்பேன். அதற்காக உன்னைப் பாராட்டுவேன் என்று கனவு காணாதே.

நேற்று மதிப்பீட்டாளருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். உன் பகுதியில் ஒரு வரிகூட வெட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, "உன் பகுதியை எடுத்துடறேன்டா" என்றேன். "சரிக்கா, உன் இஷ்டம்" என்றாய். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிறவன், அன்றைக்கு மட்டும் ஏன்டா சரி என்றாய்? சண்டை போட்டிருக்கலாமே, பாவி!

அச்சானதும் முதல் பிரதி அம்மாவுக்கு. "எம்புள்ள பேரு எதும்மா?" என்று கேட்பார். முதலில் இருப்பதுதான் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
நீ இருக்கும்போது உன்னை நம்பாத உன் அக்கா,
கல்பனா